ஊரடங்கில் அடங்காத யாப்பு

2020 மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. மார்ச் 17இல் புதுவை மாநிலத்தின் முதல் தொற்று மாகேயில் உறுதியாயிற்று. மார்ச் 25 முதல் 21 நாள் நாடே அடங்கியது. ரெட்டியார்பாளையத்தில் எந்நேரமும் இரையும் விழுப்புரம் சாலையும் வாயடைத்தது.

கவியரங்கத் தமிழோ அடங்கவில்லை. ஜூம் திரைக்கும் வாட்சாப் குழுவுக்கும் குடிபெயர்ந்தது. ஈற்றடி தந்து வெண்பா கேட்கும் பழைய விளையாட்டு கைப்பேசியில் புத்துயிர் பெற்றது. கவிதை நடுவே குக்கர் விசிலடித்தது. ஒலிவாங்கியைத் திறக்க மறந்தவர் ஊமையாய் முழங்கினார். வெளியே நடமாட்டத்திற்குத் தளை. உள்ளே பாட்டில் தளை தட்டுமோ என்னும் கவலை!

சிரிப்புக்கு அடியில் அச்சமும் இருந்தது. தனித்திருந்த முதியோர்க்கு அவ்வெண்பாக்களே நலம் கேட்கும் கடிதங்களாயின. மறுமொழி வாராத நாளில் நெஞ்சம் பதைத்தது. அந்தப் பதைப்பையும் இம்மலரில் பதிந்து வைப்பது நம் கடமை.