வீதமும் வரம்பும்: ஆர்டிஎக்ஸ் 3080, ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி அட்டைகளின் விவரக்குறிப்பும் செயல்திறனும்

2020 செப்டம்பர் 17 அன்று 699 டாலர் விலையில் என்விடியா வெளியிட்ட ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் அட்டையையும், அதே ஆண்டு நவம்பர் 18 அன்று 649 டாலர் விலையில் ஏஎம்டி வெளியிட்ட ஆர்எக்ஸ் 6800 எக்ஸ்டி அட்டையையும் விவரக்குறிப்புத் தாளை மட்டும் கொண்டு ஒப்பிட்டால், போட்டிக்கே இடமில்லை என்று தோன்றும். முன்னதில் 8704 கோர்கள், பின்னதில் 4608. முன்னதன் உச்சக் கணக்கிடு வீதம் நொடிக்கு 29.8 லட்சம் கோடி, பின்னதற்கு 20.7 லட்சம் கோடி. நினைவகத்துக்கும் சில்லுக்கும் இடையே நொடிக்கு 760 ஜிபி தரவை முன்னது கடத்த, பின்னது 512 ஜிபியோடு நிற்கிறது. ஆயினும் ரே டிரேசிங் இல்லாத விளையாட்டுகளில், 2560×1440 பிரிதிறனில், இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் ஓடின. சிலவற்றில் ஏஎம்டி அட்டையே முந்தியது. தாளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்து நிற்கும் அட்டை திரையில் குறையாமல் நிற்பது எவ்வாறு என்பதும், அந்தத் தாளில் எந்த எண்ணை நம்பலாம் என்பதும் இங்கே ஆராயப்படுகின்றன.

உச்சக் கணக்கிடு வீதம் என்பது அளந்து பெற்ற எண் அன்று, பெருக்கிப் பெற்ற எண். கோர்களின் எண்ணிக்கையைக் கடிகார வேகத்தால் பெருக்கி, ஒரு துடிப்பில் ஒரு பெருக்கலும் ஒரு கூட்டலும் நடக்கும் என்பதால் அதனை மீண்டும் இரண்டால் பெருக்கினால் அது கிடைத்துவிடும். எல்லாக் கோர்களும் எல்லாத் துடிப்புகளிலும் புள்ளி வைத்த எண்களையே கணக்கிட்டுக்கொண்டிருக்கும் என்ற நடைமுறையில் வாய்க்காத நிலையை அது முன்வைத்துக்கொள்கிறது. முந்தைய தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 2080 டிஐ அட்டையில் 4352 கோர்கள் இருந்தன. 3080இல் அதற்குச் சரியாக இருமடங்கு. வேகமோ 4கே பிரிதிறனில்கூட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கூடியது. பழைய வடிவமைப்பில் முழு எண்களுக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த பாதைகள் புதியதில் இருவகை எண்களையும் கையாளுமாறு மாற்றப்பட்டு, அவையும் கோர் கணக்கில் சேர்க்கப்பட்டன என்பதே இதற்குப் பெருங்காரணம். விளையாட்டுகளில் புள்ளி எண்களுக்கான 100 கட்டளைகளோடு சராசரியாக 36 முழு எண் கட்டளைகளும் வருகின்றன என்று என்விடியாவே 2018இல் டூரிங் என்ற அந்தப் பழைய வடிவமைப்பின் ஆவணத்தில் குறித்திருக்கிறது. அந்த வேலை வரும்போதெல்லாம் புதிதாகக் கணக்கில் சேர்ந்த பாதைகள் பழைய பணிக்கே திரும்பிவிடுகின்றன.

ஏஎம்டியின் பாதைகளும் இருவகை எண்களையும் கையாள்பவையே என்பதால், இந்த விளக்கம் மட்டும் இரு நிறுவனங்களின் அட்டைகளை ஒப்பிடப் போதாது. ஒரு சட்டகத்தை, அதாவது திரையில் தோன்றும் ஒரு முழுப்படத்தை, உருவாக்கும் பணியில் எண்கணிதம் ஒரு பகுதி மட்டுமே என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பொருள்களின் மேற்பரப்புப் படங்களை எடுத்துப் பொருத்தும் அலகுகள் 3080இல் 272, 6800 எக்ஸ்டியில் 288. முடிந்த படப்புள்ளிகளை நினைவகத்தில் எழுதும் அலகுகள் முறையே 96, 128. கடிகார வேகமோ முன்னதில் 1710 மெகாஹெர்ட்ஸ், பின்னதில் 2250 வரை. எனவே படப்புள்ளி எழுதும் உச்ச வீதத்தில் ஏஎம்டி அட்டை முக்கால் பங்கு முந்தி நிற்கிறது. விளம்பரத் தாளின் முதல் வரியில் இந்த எண் இடம்பெறுவதில்லை என்பது வாங்குவோர்க்குச் செய்யப்படும் அநீதி என்றே கூற வேண்டும்.

நினைவகக் கடத்து வீதத்திலும் இதே நிலைதான். என்விடியா 320 பிட் அகலப் பாதையையும், ஒரே சைகையில் நான்கு மின்னழுத்த நிலைகளைக் கொண்டு இரண்டு பிட்டுகளை அனுப்பும் ஜிடிடிஆர்6எக்ஸ் நினைவகத்தையும் தேர்ந்தது. ஏஎம்டி 256 பிட் பாதையோடு நின்றுகொண்டு, அடிக்கடி தேவைப்படும் தரவை அருகிலேயே வைத்துக்கொள்வதற்காக 128 எம்பி கேஷ் நினைவகத்தைச் சில்லுக்குள்ளேயே அமைத்தது. தேடும் தரவு கேஷில் கிடைக்கும்வரை வெளிப்பாதையின் குறுகல் தடையாவதில்லை. பிரிதிறன் உயர உயர ஒரு சட்டகத்துக்கான தரவு பெருகுகிறது, கேஷில் கிடைக்கும் விழுக்காடு குறைகிறது. 4கேயில் 3080 சற்றே முன்னேறிச் செல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ரே டிரேசிங்கில், அதாவது ஒளிக்கதிரின் பாதையைத் தொடர்ந்து சென்று நிழலையும் பிரதிபலிப்பையும் கணக்கிடும் முறையில், ஈடுசெய்யும் வழி ஏதும் இல்லை. கதிர் எந்தப் பொருளைத் தொடுகிறது என்று படிநிலை அமைப்பில் தேடிச் செல்வதையும், தொடும் புள்ளியைச் சோதிப்பதையும் 3080 தனி வன்பொருளிடம் ஒப்படைக்கிறது. 6800 எக்ஸ்டியோ சோதனையை மட்டும் தனி அலகுக்குக் கொடுத்துத் தேடலைப் பொதுக் கோர்களிடமே விடுகிறது. சைபர்பங்க் 2077 போன்று இம்முறையை மிகுதியாகப் பயன்படுத்தும் விளையாட்டுகளில் என்விடியா அட்டை தெளிவாக வென்றதற்கு இதுவே அடிப்படை. பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் புள்ளி எண் கணக்கே மிகுதி என்பதால், அங்கே 8704 என்ற எண்ணும் தன் மதிப்பைப் பெருமளவு காட்டிவிடுகிறது.

இதுவரை கண்ட எண்கள் யாவும் வீதங்கள். ஒரு வீதம் குறைந்தால் மற்றொன்றால் ஈடுசெய்யலாம். ஈடுசெய்ய இயலாதபோதும் படம் சற்று மெதுவாக வருமே தவிர, ஓட்டம் குலைவதில்லை. நினைவகக் கொள்ளளவு அப்படிப்பட்டதன்று, அது ஒரு வரம்பு. 3080இல் 10 ஜிபி, 6800 எக்ஸ்டியில் 16 ஜிபி. தேவை 9 ஜிபியாக இருக்கும்வரை இந்த வேறுபாட்டுக்கு எந்தப் பொருளும் இல்லை. வரம்பைக் கடந்த உடனே, எஞ்சிய தரவைக் கணினியின் முதன்மை நினைவகத்திலிருந்து பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 பாதை வழியாக நொடிக்கு ஏறத்தாழ 32 ஜிபி வேகத்தில், அதாவது அட்டையின் சொந்த வேகத்தில் 24இல் ஒரு பங்கில், கொண்டுவர வேண்டியதாகிறது. சராசரி வேகம் இதனை மறைத்துவிடக்கூடும். நொடிக்கு 60 சட்டகங்கள் என்றால் ஒவ்வொன்றுக்கும் 16.7 மில்லிநொடி, இடையில் ஒரு சட்டகம் 100 மில்லிநொடி எடுத்துக்கொண்டால் கண் அதை உடனே உணரும், சராசரியோ அசையாது. சட்டகம் ஒவ்வொன்றின் நேரத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும் என்று 2011இல் டெக் ரிப்போர்ட் இதழில் ஸ்காட் வாசன் வாதிட்டது இந்தக் குறையைச் சுட்டியே.

வெளியீட்டு நாள் மதிப்பீடுகள் இந்த வரம்பைப் பெரும்பாலும் காணவில்லை, காணவும் இயலாது; அன்று கைவசம் இருந்த விளையாட்டுகளில் அந்த அளவுக்குத் தேவை அரிதாகவே எழுந்தது. 2023இல் த லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் பாகம் போன்றவை கணினிக்கு வந்தபோது 8 ஜிபி அட்டைகள் உயர்தர அமைப்பில் வெளிப்படையாகத் தடுமாறின; 10 ஜிபியும் அந்த எல்லையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. ரே டிரேசிங்குக்கான படிநிலை அமைப்பும் நினைவகத்திலேயே இடம்பெற வேண்டும் என்பதால், 3080 எந்தத் துறையில் வலிமை உடையதோ அந்தத் துறையே அதன் வரம்பையும் விரைந்து நிரப்புகிறது. 4கேக்கு உரியதென்று விற்கப்பட்ட அட்டைக்கு 10 ஜிபி என்பது தவறான முடிவு. 2022 ஜனவரியில் என்விடியா 12 ஜிபி நினைவகம், 384 பிட் பாதை, 8960 கோர்கள் ஆகியவற்றோடு மற்றோர் அட்டையை, ஆர்டிஎக்ஸ் 3080 என்ற அதே பெயரில், வெளியிட்டது.