மூன்று பேர் வந்தாலே அதிசயம்!

பெண்களுக்கென்று வேலூரில் மருத்துவப் பள்ளி தொடங்கப் போவதாக மிஷன் மருத்துவர் ஐடா ஸ்கடர் சொன்னபோது, மூன்று விண்ணப்பம் வந்தாலே அதிசயம் என்று கேலி பேசினார்கள். 1918-ல் வந்தவை 151. பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. முதல் அணியில் 14 பெண்கள் 1922-ல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள்.

இடம் குறைந்து கூட்டம் கூடினால்தான் பள்ளிச் சேர்க்கைக்கு 'இன்டர்வியூ' பிறக்கிறது. அதற்கு முன் பள்ளிக்கூடம்தான் பிள்ளைகளைத் தேடி அலைந்தது. 1853-ல் உருவான கிறிஸ்தவ அமைப்பான ஆற்காடு மிஷன் ஊர் ஊராகப் பள்ளி திறந்தது. வேலூரில் அது நடத்திய பள்ளி 1898-ல் கல்லூரியாக உயர்ந்து ஊரீசு கல்லூரி என்று பெயர் பெற்றது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். பாலாற்றங்கரையில் தோல் வியாபாரத்தில் சேர்ந்த பணமும் கல்விக்குப் போனது. வாணியம்பாடியில் இஸ்லாமியா கல்லூரி 1919-ல் வந்தது. மேல்விஷாரத்துத் தோல் வணிகர் நவாப் சி. அப்துல் ஹக்கீம் பெயரில் 1965-ல் ஒரு கல்லூரி. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி; அதே ஊரில் லுத்தரன் சபை நடத்திய கன்கார்டியா பள்ளி.

பிறகு நிலைமை தலைகீழானது. ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் அம்மாகூட வருமானத்தில் ஒரு பங்கை இங்கிலீஷ் மீடியத்துக்கு ஒதுக்கத் தொடங்கினார். விண்ணப்பம் வாங்க விடிவதற்கு முன்பே வரிசை. வீட்டில் 'வாட் இஸ் யுவர் நேம்' ஒத்திகை. பல இடங்களில் கேள்வி பிள்ளையோடு நிற்கவில்லை. அப்பா என்ன படித்தார், அம்மாவுக்கு இங்கிலீஷ் வருமா என்று போனது. அது பிள்ளைக்கு வைத்த பரீட்சையே அல்ல, குடும்பத்துக்கு வைத்தது.

2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் இதற்குத் தடை போட்டது. அதன் 13-ஆம் பிரிவின்படி, சேர்க்கையின்போது நன்கொடை கேட்கக் கூடாது. பிள்ளையையோ பெற்றோரையோ சோதித்து வடிகட்டவும் கூடாது. ஆனால் சட்டத்தின் கணக்கில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரைதான். பிளஸ் ஒன் சேர்க்கை அதற்குள் வராது. 2014-ல் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று தீர்ப்பளித்தது. மிஷனும் முஸ்லிம் கல்விச் சங்கங்களும் பள்ளி கட்டிய இந்த வட்டாரத்தில் அது சின்ன விதிவிலக்கல்ல.

நேர்காணல் என்றாலே மோசம் என்றும் சொல்லிவிட முடியாது. ஐடா தொடங்கிய பள்ளிதான் இன்றைய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி, அதாவது சி.எம்.சி. எழுத்துத் தேர்வில் தேறியவர்களை அங்கே வரவழைத்து, சில நாள் தங்கவைத்து, கூட்டாகச் செய்யும் வேலைகளைக் கொடுத்துக் கவனித்தார்கள். கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரியில் தாக்குப்பிடிப்பாரா என்பதே பார்வை. கோச்சிங் நோட்ஸ் அங்கே எவ்வளவு உதவியிருக்கும்? நாடு முழுவதற்கும் பொதுவான நுழைவுத் தேர்வாக நீட் வந்ததும் அந்த முறைக்குச் சோதனை வந்தது. அதை ஏற்காமல் 2017-ல் 100 எம்.பி.பி.எஸ். இடங்களில் ஒரே ஒருவரைத்தான் சி.எம்.சி. சேர்த்தது. 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சிறுபான்மைக் கல்லூரிகளுக்கும் நீட் கட்டாயம் என்றது.

ஆறாம் வகுப்புக்கோ ஏழாம் வகுப்புக்கோ பிள்ளையைச் சேர்க்கப் போகும் பெற்றோர், அது சிறுபான்மைப் பள்ளியா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால், பிள்ளைக்கோ உங்களுக்கோ பரீட்சை வைக்க அந்தப் பள்ளிக்கு உரிமை இல்லை. மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரையிலும், அடுத்த ஒவ்வொரு தடவையும் 50,000 வரையிலும் அபராதம் உண்டு.