எதிரணியைத் தடுத்த வேலி: பகை அணிகளின் கால்பந்து ஆட்டங்களில் இளம் ரசிகர் பாதுகாப்பு, 1971–2023

ஒரே ஊரில் பல தலைமுறைகளாக முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு கால்பந்து அணிகள் மோதுகின்றன. அன்று ஆட்டம் பார்க்க வரும் சிறுவர்களுக்கு ஆபத்து எந்தப் பக்கமிருந்து வருகிறது? எதிரணி ரசிகர்களிடமிருந்து என்பதுதான் காவல்துறையும் கால்பந்துச் சங்கங்களும் வழக்கமாகத் தரும் பதில். அந்தப் பதிலை நம்பித்தான் வேலிகள் எழுந்தன, தனித்தனி வாயில்கள் வந்தன, கடைசியில் எதிரணி ரசிகர்களுக்கு டிக்கெட்டே கிடையாது என்ற நிலையும் வந்தது. ஆனால் கடந்த அரை நூற்றாண்டில் மைதானங்களில் நேர்ந்த பெரும் சாவுகளின் பதிவுகளை அடுத்தடுத்து வைத்துப் படித்தால் வேறொன்று புலப்படுகிறது. பிள்ளைகளைக் கொன்றவை பெரும்பாலும் படிக்கட்டும் கதவும் வேலியும் புகையுமே. பகையாளியின் கை பட்ட இடங்களும் உண்டு. அவற்றையும் இக்கட்டுரை தள்ளிவிடவில்லை.

பதின்மூன்றாம் படிக்கட்டு

கிளாஸ்கோவின் ரேஞ்சர்ஸ் அணி 1872-லும் செல்டிக் அணி 1887-லும் தோன்றின. முதலாவது புராட்டஸ்டன்ட்டுகளின் அணி, இரண்டாவது அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கத்தோலிக்கரின் அணி என்று ஆகிப்போனதால், ஆட்டப் போட்டியோடு மதப் பகையும் சேர்ந்துகொண்டது. அப்படிப்பட்ட மைதானத்துக்கும் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் சிறுவர்கள் துணையில்லாமலே போய்வந்தார்கள். நுழைவாயிலில் சுழல் கதவருகே நின்றுகொண்டு, முன்பின் அறியாத பெரியவரிடம் தன்னைத் தூக்கி அந்தப் பக்கம் விடச் சொல்லிக் கேட்பது ஸ்காட்லாந்துப் பையன்களின் வழக்கம். அவரும் தூக்கி விடுவார். டிக்கெட் காசு மிச்சம். உள்ளே கூட்டம் நெருக்கினால், பெரியவர்களின் தலைக்கு மேலாகவே பையனைக் கைமாற்றிக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்பிவிடுவார்கள்.

இதில் ஒரு கேடு இருந்தது. இப்படி உள்ளே போனவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். மைதானத்தில் எத்தனை பேர் என்று சங்கத்துக்கே சரியாகத் தெரியாது. ஆனாலும் இந்த எழுதாத ஏற்பாட்டை எள்ளி நகையாட எனக்கு மனமில்லை. கூட்டத்துக்குள் சின்னப் பையன் ஒருவன் நிற்கிறான் என்ற நினைப்பாவது அதில் இருந்தது. பிற்காலத்து அதிகாரபூர்வ ஏற்பாடுகள் பலவற்றில் அதுகூட இல்லை.

1971 ஜனவரி 2 அன்று, ரேஞ்சர்ஸ் அணியின் ஐப்ராக்ஸ் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் கூடியிருந்தார்கள். ஆட்டம் முடியும் தறுவாயில் செல்டிக் ஒரு கோல் போட்டது. கடைசி நிமிடத்தில் ரேஞ்சர்ஸ் பதில் கோல் போட்டுச் சமன் செய்தது. ரசிகர்களுக்குள் அன்று பெரிய சண்டை ஏதும் நடக்கவில்லை. இரு தரப்பும் தத்தம் பக்கத்துப் படிகளில் இறங்கத் தொடங்கின. சுரங்க ரயில் நிலையத்துக்குக் கிட்டே இருந்ததால் பதின்மூன்றாம் எண் படிக்கட்டில்தான் எப்போதும் நெரிசல். செங்குத்தான இறக்கம், இரும்புக் கைப்பிடிகள் அதைக் குறுகிய தடங்களாகப் பிரித்திருந்தன, இரு பக்கமும் உயரமான வேலி. நடுவில் யாரோ தடுக்கி விழுந்தார்கள். தோள்மீது வைத்துத் தூக்கிவந்த குழந்தை சரிந்ததே தொடக்கம் என்றும் சொல்லப்பட்டது. மேலிருந்து வருபவர்களுக்குக் கீழே நடப்பது தெரியாது; ஒதுங்கவும் வழியில்லை. 66 பேர் இறந்தார்கள், பலர் மூச்சுத் திணறி நின்றபடியே. இறந்தவர்களில் பதின்ம வயதினர் ஏராளம். மார்கிஞ்ச் என்ற சிற்றூரிலிருந்து சேர்ந்து வந்த ஐந்து பள்ளிச் சிறுவர்களில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

செல்டிக் கோல் போட்டதும் மனம் வெறுத்து வெளியேறிய ரசிகர்கள், பதில் கோலின் ஆரவாரம் கேட்டுத் திரும்பி ஓடிவந்து, இறங்குபவர்கள்மீது மோதினார்கள் என்று மறுநாளிலிருந்தே ஒரு கதை பரவியது. விசாரணை அதை ஏற்கவில்லை. எல்லோரும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். கதை மட்டும் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. பழியை ரசிகரின் வெறிமீது போட்டுவிட்டால் படிக்கட்டைப் பற்றி யாரும் கேட்கமாட்டார்கள் அல்லவா? அதே படிக்கட்டில் 1961-இல் இருவர் இறந்திருந்தார்கள். 1967-லும் 1969-லும் பலர் காயமுற்றிருந்தார்கள். 1974-இல் இழப்பீட்டு வழக்கை விசாரித்த நீதிபதி, ஆபத்து தெரிந்தும் சங்கம் சரிசெய்யவில்லை என்று ரேஞ்சர்ஸ்மீதே பொறுப்பைச் சுமத்தினார்.

அரசு அமைத்த வீட்லி விசாரணையின் அறிக்கை 1972-இல் வந்தது. மைதானப் பாதுகாப்புக்கான வழிகாட்டி நூல் 1973-லும், பெரிய மைதானங்களுக்கு உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1975-லும் வந்தன. வாயிலின் அகலம், படியின் சரிவு, நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியேற முடியும் என்றெல்லாம் கணக்குப் பார்க்கும் வழக்கம் பிரிட்டனில் வேரூன்றியது இங்கிருந்துதான். சிறுவர் பாதுகாப்பு என்ற பெயர் அதில் எங்கும் முன்னே நிற்கவில்லை. இருந்தும் சிறுவர்களை அதிகம் காத்தது அந்தக் கணக்குதான் என்பது என் துணிபு.

கொல்கத்தாவின் மறுப்பு

இந்த வாதத்தை இடறும் நிகழ்வு நம் நாட்டிலேயே இருக்கிறது. 1889-இல் பிறந்த மோகன் பகான், 1920-இல் பிறந்த ஈஸ்ட் பெங்கால் ஆகிய இரண்டின் பகை, மேற்கு வங்கத்துப் பூர்வகுடியினருக்கும் கிழக்கிலிருந்து வந்தவர்களுக்கும் இடையிலான பகை. வென்றது யார் என்பதைப் பொறுத்து அன்று சந்தையில் இறாலோ ஹில்சா மீனோ விலையேறும் என்பார்கள். 1980 ஆகஸ்ட் 16 அன்று ஈடன் கார்டன்ஸில் நடந்த லீக் ஆட்டத்தில் இரு வீரர்கள் மோதிக்கொண்டார்கள். அந்தச் சூடு மாடத்துக்குத் தாவியது. இரு அணி ரசிகர்களும் ஒரே மாடத்தில் கலந்து உட்கார்ந்திருந்ததால் கல்லும் கையும் பறந்தன. தப்பிக்க ஓடியவர்கள் நெரிசலில் மிதிபட்டார்கள். 16 பேர் இறந்தார்கள். மகன் ஆட்டத்துக்குப் போனான், திரும்பவில்லை என்பதுதான் பல வீடுகளின் கதை. அந்த நாளில் வங்கக் கால்பந்துச் சங்கம் இன்றும் ரத்ததான முகாம் நடத்துகிறது.

இங்கே ரசிகர்களைப் பிரித்து உட்கார வைத்திருந்தால் உயிர்கள் தப்பியிருக்கும். அதை மறுக்க முடியாது. ஆகவே பிரிப்பது தவறு என்பதல்ல என் வாதம். பிரித்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்ததே தவறு.

அதே 1980 மே மாதம் கிளாஸ்கோவில் செல்டிக், ரேஞ்சர்ஸ் மோதிய ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியாட்டம் முடிந்ததும் இரு தரப்பு ரசிகர்களும் ஆடுகளத்தில் இறங்கி அடித்துக்கொண்டார்கள்; குதிரைப்படை வந்துதான் அடக்கியது. அதைத் தொடர்ந்து ஸ்காட்லாந்து மைதானங்களில் மதுவைத் தடைசெய்து சட்டம் வந்தது. பிள்ளையோடு வரும் பெற்றோருக்கு அந்தத் தடை செய்த நன்மை கொஞ்சநஞ்சமல்ல.

வேலியின் காலம்

இங்கிலாந்து வேறு வழியில் போனது. 1970-களில் ரசிகர் கலவரம் பெருகவே, ஆடுகளத்தைச் சுற்றி இரும்பு வேலிகள் எழுந்தன. நின்று பார்க்கும் மாடங்களையும் பட்டிகளாகப் பிரித்தார்கள். 1985-இல் செல்சி சங்கத்தின் தலைவர் வேலியில் மின்சாரம் பாய்ச்ச ஏற்பாடு செய்தார். பால்பண்ணை வைத்திருந்தவர், மாடுகளுக்குச் செய்வதை ரசிகர்களுக்கும் செய்யலாம் என்று அவருக்குத் தோன்றியது. லண்டன் மாநகர மன்றம் அனுமதி தரவில்லை, வேலியில் மின்சாரம் ஓடவேயில்லை. ஆனால் அப்படி ஒன்றை நினைக்கவும் பொதுவெளியில் முன்வைக்கவும் முடிந்த காலம் அது. அந்த ஆண்டு மே மாதம் பிரசெல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்து வர, ஒதுங்கியவர்கள் நெருங்கி, சுவர் சரிந்து, பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்களான 39 பேர் மாண்டார்கள். ஒரு பள்ளிச் சிறுவனும் அதில் உண்டு. வேலி வேண்டும் என்பவர்களின் கை இதனால் ஓங்கியது.

1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணிகளின் அரையிறுதி. வெளியே நெரிசலைத் தணிக்கக் காவல்துறை ஒரு பெரிய கதவைத் திறந்தது. உள்ளே வந்தவர்கள் சுரங்கப் பாதை வழியாக ஏற்கெனவே நிரம்பியிருந்த நடுப் பட்டிகளுக்குள் போனார்கள். எட்டிப் பார்க்க உயரம் போதாததால் முன்னால் வந்து நிற்பவர்கள் எப்போதும் சிறுவர்களே. வேலி இருந்ததும் முன்னால்தான். இறந்த 97 பேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருபது வயதைத் தொடாதவர்கள். மிக இளையவனுக்கு வயது 10. உயிர் பிழைக்க வேலியில் ஏறியவர்களைக் கலகக்காரர்கள் என்றெண்ணிக் காவலர்கள் முதலில் திருப்பித் தள்ளினார்கள். கலவரத்தை எதிர்பார்த்துப் பயிற்சி பெற்ற கண்ணுக்கு, மூச்சு முட்டும் பிள்ளையும் கலவரக்காரனாகவே தெரிந்தான். மாடத்தில் இருந்த ரசிகர்களோ, பழைய வழக்கப்படி, சிறுவர்களைத் தலைக்கு மேலே கைமாற்றிக் காப்பாற்றப் பார்த்தார்கள்.

1990-இல் வந்த டெய்லர் அறிக்கைக்குப் பின் வேலிகள் அகன்றன. பெரிய மைதானங்கள் அனைத்திலும் இருக்கைகள் வந்தன. ரசிகர்கள்மீது தவறில்லை என்று ஒரு நடுவர் குழு சொல்லக் குடும்பங்கள் 2016 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மைதானத்துக்கு வெளியே

1995 அக்டோபரில் கிளாஸ்கோவில் 16 வயது செல்டிக் ரசிகன் ஒருவன், ரேஞ்சர்ஸ் ரசிகர்கள் கூடும் மதுக்கடையைக் கடந்து வீட்டுக்கு நடந்துபோகையில் கத்திக்கு இரையானான். அன்று செல்டிக் ஆடியது ரேஞ்சர்ஸுடன் அல்ல, பார்ட்டிக் திஸில் என்ற வேறோர் அணியுடன். பகையாட்டம் இல்லாத நாள், மைதானத்துக்கு வெளியே ஒரு தெரு. வேலியோ தனி வாயிலோ அவனுக்கு எந்த விதத்திலும் உதவியிருக்காது. அவனுடைய பள்ளித் தோழி தொடங்கிய ‘நில் பை மௌத்’ அமைப்பு மதவெறிப் பேச்சுக்கு எதிராகப் பள்ளிகளுக்குப் போய்ப் பேசத் தொடங்கியது. சட்டத்தின் வழியில் 2012-இல் ஸ்காட்லாந்து கொண்டுவந்த கால்பந்துக் குற்றச் சட்டமோ, இளைஞர்களையே குறிவைக்கிறது என்ற எதிர்ப்பைச் சந்தித்து 2018-இல் நீக்கப்பட்டது.

சிறுவர்களையே கேடயமாக நிறுத்தும் வழியும் வந்தது. 2011-இல் இஸ்தான்புல்லின் ஃபெனர்பாஹ்சே அணியின் ரசிகர்கள் ஒரு நட்பு ஆட்டத்தில் களத்தில் இறங்கியதற்கு, ஆளில்லா மைதானத்தில் ஆட வேண்டும் என்பது தண்டனை. துருக்கிக் கால்பந்துச் சங்கம் அதை மாற்றி, பெண்களையும் 12 வயதுக்கு உட்பட்டவர்களையும் மட்டும் இலவசமாக அனுமதித்தது. செப்டம்பர் 20 அன்று 41,000 பேருக்கு மேல் வந்தார்கள். உலகமே மெச்சியது. எனக்கு அதில் ஓர் உறுத்தல் உண்டு: ஆண்கள் தண்டனை பெற்ற நாளில் மட்டும் பிள்ளைகளுக்கு இடம் கிடைப்பது பாதுகாப்பு ஆகாது. இதன் மறுகோடியைப் புவனெஸ் அய்ரெஸ் 2018 நவம்பரில் காட்டியது. ரிவர் பிளேட், போக்கா ஜூனியர்ஸ் இறுதியாட்டத்தன்று ஒரு பெண் குழந்தையின் உடம்பைச் சுற்றித் தீப்பந்தக் குச்சிகளை ஒட்டிக்கொண்டிருந்த காணொளி பரவியது. குழந்தையைச் சோதனையிட மாட்டார்கள் என்பதுதான் கணக்கு. அர்ஜென்டினாவில் எதிரணி ரசிகர்களுக்குத் தடை வந்து அப்போது ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கிடையே ஐரோப்பிய மன்றத்தின் பார்வை மாறியிருந்தது. ஹெய்சலுக்குப் பின் 1985-இல் அது செய்த உடன்படிக்கை ரசிகர் வன்முறையைத் தடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. 2016-இல் செயின்ட் டெனியில் கையெழுத்தான புதிய உடன்படிக்கை, கட்டட, கூட்டப் பாதுகாப்பு, காவல், வருபவருக்கான உபசரிப்பு ஆகிய மூன்றையும் பிரிக்காமல் ஒன்றாகத் திட்டமிடச் சொல்கிறது.

மலாங், 2022

இந்தோனேசியாவின் கிழக்கு ஜாவாவில் மலாங் நகரின் அரேமாவுக்கும் சூராபாயாவின் பெர்செபாயாவுக்கும் தீராப் பகை. 2022 அக்டோபர் 1 ஆட்டத்துக்கு பெர்செபாயா ரசிகர்கள் வரவே கூடாது என்று தடை. ஆட்டத்தைப் பிற்பகலிலேயே நடத்தும்படி காவல்துறை கேட்டும், இரவு எட்டு மணி என்றே நின்றது. 38,000 பேர் கொள்ளும் கஞ்சுருஹான் மைதானத்துக்கு 42,000 டிக்கெட்டுகள் விற்றன. எதிரணி ரசிகர் இல்லை, பயமில்லை என்று குடும்பத்தோடு வந்தவர்கள் பலர்.

அரேமா 3–2 என்று தோற்றது. சொந்த மண்ணில் பெர்செபாயாவிடம் 23 ஆண்டுகளில் முதல் தோல்வி. ஆத்திரத்திலும் வருத்தத்திலும் சிலர் களத்தில் இறங்கினார்கள். எதிரணி வீரர்களைக் கவச வண்டிகளில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பினார்கள். காவலர்கள் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைக் களத்தில் மட்டுமின்றி, ஒரு வம்புக்கும் போகாமல் மாடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பக்கமும் சுட்டார்கள். கண்ணெரிந்து இறங்கியவர்கள் குறுகிய கதவுகளில் சிக்கினார்கள். சில கதவுகள் மூடியிருந்தன, சில பாதி திறந்திருந்தன. பதின்மூன்றாம் எண் கதவருகே சாவு அதிகம். ஐப்ராக்ஸ் படிக்கட்டின் எண்ணும் அதுவே என்பது தற்செயல். இரண்டு இடத்திலும் இறங்கியவர்களுக்கு ஒதுங்க இடமில்லாதது தற்செயல் அல்ல. இறந்த 135 பேரில் 40-க்கும் மேற்பட்டோர் 18 வயது நிரம்பாதவர்கள்.

மைதானத்துக்குள் புகைக்குண்டு கூடாது என்று ஃபிஃபாவின் பாதுகாப்பு விதிகள் முன்பே சொல்லியிருந்தன. வழக்கில் ஆட்ட அமைப்பாளர்கள் இருவருக்கும் காவல் அதிகாரி ஒருவருக்கும் சிறை கிடைத்தது. மற்ற இரு அதிகாரிகளை சூராபாயா நீதிமன்றம் விடுவித்தது. அவர்களில் ஒருவர் விஷயத்தில், புகையைக் காற்று களத்தின் நடுப்பக்கம் தள்ளிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி இருவருக்கும் சிறை விதித்தது. கஞ்சுருஹான் மைதானம் பின்னர் பெரிய அளவில் புதுப்பிக்கப்பட்டது. 2023-இல் தொடங்கிய லீக் பருவத்தில் ரசிகர்களுக்கென்று வந்த முதன்மையான விதி, எதிரணி ஊரிலிருந்து எவரும் ஆட்டம் பார்க்க வரக்கூடாது என்பது. மலாங்கில் அந்த இரவில் நடப்பிலிருந்ததும் அதே விதிதான்.