உடையத் தெரிந்த மூலக்கூறு

காகிதக்காரனின் புத்தி எப்போதும் இறுக்குவதிலேயே இருக்கும். கூழை நன்றாக அடி, நாரைச் சிலுப்பிவிடு, வலையில் படியவிட்டுத் தண்ணீரை ஓட்டு. காயும்போது நார்கள் தாமாகவே ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஹைட்ரஜன் பிணைப்பு என்று பெயர். பசை கூட வேண்டாம். அது போதாதென்று அரபு நாட்டுக் கைவினைஞர்கள் மாவுக்கஞ்சி பூசிக் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். இத்தாலியின் ஃபாப்ரியானோவில் 13ஆம் நூற்றாண்டில் தோலையும் குளம்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரக் கரைசலில் தாளை முக்கினார்கள். 1807இல் ஜெர்மனியின் மோரிட்ஸ் ஃப்ரீட்ரிஷ் இல்லிக், ரோசினையும் படிகாரத்தையும் கூழிலேயே கலந்துவிடும் வழியை அச்சிட்டு வெளியிட்டார். நான் ஆலையில் கெமிஸ்டாகச் சேர்ந்தபோதும் படிகாரத்தின் ராஜ்யம்தான். மை பரவக் கூடாது, தாள் கிழியக் கூடாது, மொடமொடவென்று நிற்க வேண்டும். ஒரு தாளை உதறிப் பார்த்து, அது எழுப்பும் சத்தத்தை வைத்தே தரம் சொல்லும் மேஸ்திரிகள் இருந்தார்கள்.

இந்தப் பரம்பரையில் வந்தவனை ஒரு நாள் கூப்பிட்டு, தாள் சத்தமே போடக் கூடாது, துணிபோலத் துவள வேண்டும் என்று சொன்னால் அவனுக்குக் குழப்பமாகத்தான் இருக்கும். எழுத்துத்தாள் மெஷினிலிருந்து என்னை டிஷ்யூ பக்கம் மாற்றியபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது.

துடைக்கும் தாள் புதிதில்லை. 6ஆம் நூற்றாண்டிலேயே சீனப் பண்டிதர் யான் ஷிடூய், சான்றோர் வாக்கு எழுதிய தாளைக் கழிப்பறைக் காரியத்துக்குத் தான் பயன்படுத்துவதில்லை என்று எழுதி வைத்திருக்கிறார். அப்படியென்றால் மற்றவர்கள் பயன்படுத்தினார்கள் என்றுதானே அர்த்தம்! 1857இல் நியூயார்க்கின் ஜோசப் கயெட்டி, மணிலா நாரில் செய்த தாளில் கற்றாழையை ஏற்றி, மருந்துத்தாள் என்று விற்றார். ஒவ்வொரு தாளிலும் தன் பெயரை நீர்க்குறியாகப் பதித்த மனிதர் அவர். இந்த உபயோகத்துக்குப் போகும் தாளில் பெயரைப் போட்டுக்கொள்ள ஒரு துணிச்சல் வேண்டும். பிரிட்டனில் நிலைமை இன்னும் மோசம். ஐசால் என்ற கிருமிநாசினி ஊட்டிய தாள், ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் உரசும். பள்ளிக்கூடங்களிலும் சர்க்கார் அலுவலகங்களிலும் இரண்டு மூன்று தலைமுறை அதோடு மல்லுக்கட்டியது. அமெரிக்காவின் க்ரீன் பே நகரத்து நார்தர்ன் நிறுவனம் 1935இல் தன் தாளில் சிலாம்பு கிடையாது என்று விளம்பரம் செய்தது. அதையே ஒரு பெருமையாகச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவரை ஜனங்கள் பட்ட பாட்டை யூகித்துக்கொள்ளலாம்.

மெதுமை முதலில் இரும்பிலிருந்துதான் வந்தது. யாங்கி டிரையர் என்று ஒரு ராட்சத உருளை. உள்ளே நீராவி, வெளியே முகம் பார்க்கலாம் போன்ற பளபளப்பு. ஈரத்தாள் அதன்மேல் ஒட்டிக் காயும். ஒரு சுற்று முடிவதற்குள் டாக்டர் பிளேடு அதைச் சுரண்டி எடுக்கும். அந்தச் சுரண்டலில் தாள் நுண்ணிய மடிப்பு மடிப்பாகச் சுருங்கும். அதுதான் க்ரேப். ஒரு துண்டு டிஷ்யூவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். வரிவரியாக மடிப்பு விரிந்து, தாள் கொஞ்சம் நீளும். அப்புறம்தான் கிழியும். யூகலிப்டஸ் கூழ் வந்த பிறகு மேல்பரப்பு இன்னும் பட்டானது. அந்த மரத்தின் நார் குட்டை. தாளின் மேல் பூனைமுடிபோல நுனிகள் நிற்கும். விரல் அதைத்தான் மெதுமை என்று உணர்கிறது.

அதற்கு மேல் போக வேண்டுமென்றால், நார்கள் ஒன்றையொன்று பிடிக்கும் பிடியையே தளர்த்த வேண்டும். இங்கேதான் ரசாயனம் உள்ளே வந்தது, அதுவும் சிகாகோவின் கசாப்புச் சாலைகள் வழியாக. ஆர்மர் கம்பெனியிடம் மலைபோல மாட்டுக் கொழுப்பு கிடந்தது. 1940களில் அதைக் கொழுப்பு அமீன்களாக மாற்றும் தொழிலை அவர்கள் வளர்த்தார்கள். அந்த வழியில் பிறந்தவை குவாட்டர்னரி அம்மோனியம் வகைப் பொருட்கள். ஆலைப் பேச்சில் ‘குவாட்’ என்றால் போதும். நான்கு கை நீட்டிய நைட்ரஜன், அதன்மேல் நேர்மின்னேற்றம், இரண்டு கைகளில் நீளமான கொழுப்பு வால். தண்ணீரில் மிதக்கும் கூழ்நாரின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே குவாட்டின் தலை நாரில் போய் அப்பிக்கொள்ளும், வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பக்கத்து நார் நெருங்கி வந்தால் நடுவில் கொழுப்பு நிற்கிறது, பிடிப்பு விழாது. டன்னுக்குச் சில கிலோ ஊற்றினாலே போதும், தாள் துவளும். இரண்டு கிலோ கூடிவிட்டால் மெஷினில் தாள் அறுந்து, ஷிப்ட் முழுக்க வசவுதான். மெதுமைக்கும் வலுவுக்கும் நடக்கும் இந்தப் பேரம் டிஷ்யூ ஆலையில் இன்றைக்கும் முடிந்தபாடில்லை.

குவாட்டுக்கு இன்னொரு வேலையும் உண்டு, தாளில் தேங்கும் மின்னேற்றமான ஸ்டேட்டிக்கை அடக்குவது. அந்த ஸ்டேட்டிக்கைப் பற்றிச் சொல்ல எனக்கு ஆலை அனுபவம் தேவையே இல்லை. எங்கள் ஊர் சிவகாசி. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் வாகான வறண்ட காற்று அச்சுக்காரனுக்கு எதிரி. கோடையில் ஃபீடரில் இரண்டு தாள் ஒட்டிக்கொண்டே போகும். அடுக்கிய தாள் தட்டினாலும் நேராகாது. அப்பா வேலை பார்த்த பிரஸ்ஸில் தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார்கள். காற்றின் ஈரப்பதம் 50 சதவீதம் இருந்தால் தாளில் ஆறேழு சதவீதம் ஈரம் தங்கும், மின்னேற்றம் அதன் வழியே கசிந்து போய்விடும். ஈரம் வற்றினால் போக வழியில்லாமல் தாளிலேயே தேங்கும். டிஷ்யூ ரீவைண்டரில் இது பத்து மடங்கு. தாள் லேசு, வேகம் அதிகம். ரோலுக்குப் பக்கத்தில் கையை நீட்டினால் முழங்கை மயிர் எழுந்து நிற்கும். பறக்கும் பொடிநார் எல்லாம் சட்டையில் வந்து ஒட்டும். “சார், இன்னைக்கு மெஷின் கடிக்குது” என்பார் ஆபரேட்டர். குவாட் போட்ட தாளில் இந்தத் தொல்லை குறையும். அதன் மின்னேற்றமுள்ள தலை காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் காரணம். அதோடு கொஞ்சம் கிளிசரின் சேர்த்தால் இன்னும் நல்லது. 1779இல் ஆலிவ் எண்ணெயிலிருந்து வேதியியலாளர் ஷீலே பிரித்தெடுத்த அதே கிளிசரின்தான். ஈரம் காப்பதில் அதை மிஞ்ச இன்னும் ஆளில்லை என்பது என் கட்சி.

இவ்வளவு நல்ல பொருளில் குறை என்னவென்று கேட்டால், அது ஊரை விட்டுப் போகாது. 1950களில் சலவைத்தூளில் கிளைவிட்ட ஆல்கைல் பென்சீன் சல்போனேட் வந்ததும் ஐரோப்பிய, அமெரிக்க ஆறுகளில் நுரை எழும்பி நின்றது. அதைத் தின்னப் பாக்டீரியாவுக்குப் பல் இல்லை. மேற்கு ஜெர்மனி 1961இல் சட்டம் போட்டது. 1964 முதல் 80 சதவீதமாவது சிதையாத சலவைப்பொருளை விற்க முடியாது என்றாயிற்று. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1965இல் கிளையில்லாத வகைக்கு மாறினார்கள். நுரை அடங்கியது, எல்லாரும் கையைத் தட்டினார்கள். குவாட்டை மட்டும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அது நுரைத்து ஊரைக் கூட்டவில்லையே! சுத்திகரிப்பு நிலையத்துக்குள் போகும் தண்ணீரில் இருந்தது, வெளியே வரும் தண்ணீரில் இல்லை. கணக்கில் சுத்தம். ஆனால் நாரில் அப்பிய அதே குணத்தால் அது கழிவுச் சேற்றில் அப்பிக்கொண்டிருந்தது. காற்றில்லாத செரிப்புத் தொட்டியில் அந்தச் சேற்றை வாரக்கணக்கில் போட்டு வைத்தாலும் டைடாலோ வகைக் குவாட், அதாவது இரண்டு மாட்டுக் கொழுப்பு வால் கொண்டது, சிதையவில்லை. துணி மென்மையாக்கிகளில் அப்போது அதுதான் முக்கியச் சரக்கு என்பதால் அளவும் கொஞ்சநஞ்சமில்லை. நெதர்லாந்திலும் ஜெர்மனியிலும் எதிர்ப்பு எழுந்து, 1990ஐ ஒட்டி உற்பத்தியாளர்கள் தாமாகவே அதைக் கைவிட்டார்கள்.

அதன் இடத்துக்கு வந்தது எஸ்டர்குவாட். தலையும் வாலும் பழைய மாதிரியேதான். ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு எஸ்டர் பிணைப்பைச் செருகியிருந்தார்கள். சமையல் எண்ணெயில் கொழுப்பு அமிலத்தைக் கிளிசரினோடு கட்டி வைத்திருப்பதும் அதே வகைக் கட்டுதான். அதை வெட்டும் நொதி பாக்டீரியாவிடம் ஆதிகாலத்திலிருந்தே இருக்கிறது. வெட்டியதும் வால் வெறும் கொழுப்பு அமிலம், அது பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தலை தண்ணீரில் கரையும் சின்னத் துண்டாகிவிடும். நூறு வருஷமாக எது எளிதில் உடையாதோ அதையே உயர்ந்தது என்று படித்துவந்த எங்கள் துறையில், பலவீனத்தை வேண்டுமென்றே கட்டி அனுப்பிய இந்த யோசனையைத்தான் நான் பெரிய திருப்பமாக நினைக்கிறேன். 1990களின் தொடக்கத்தில் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் நிறுவனத்தின் அமெரிக்கக் காப்புரிமைகளில் இது டிஷ்யூ தாளுக்கும் வந்து சேர்ந்தது.

மக்குகிறது என்று எப்படிச் சொல்கிறார்கள்? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பான ஓ.இ.சி.டி.யின் 301 வரிசைச் சோதனைகளில் ஒன்று எனக்குப் பிடித்தமானது. குடுவையில் கழிவுநீர்க் கிருமிகள். அவற்றுக்கு உணவு சோதனைப்பொருள் மட்டும்தான். கரியமிலவாயு நீக்கிய காற்றை உள்ளே குமிழ்விட்டு, வெளியே வரும் காற்றைப் பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலுக்குள் செலுத்துவார்கள். கிருமி தின்றால் மூச்சு விடும், மூச்சு விட்டால் கரைசல் வெளுக்கும். பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்பு நீரில் குழாய் வைத்து ஊதினோமே, அதேபோலத்தான். 28 நாளில், கணக்குப்படி வரவேண்டிய கரியமிலவாயுவில் 60 சதவீதம் வந்தாக வேண்டும். அதுவும் தின்னத் தொடங்கிய பத்து நாளுக்குள் அந்த அளவை எட்ட வேண்டும். எஸ்டர்குவாட் தேறியது. பழைய குவாட் தேறவில்லை.

இதனால் எஸ்டர்குவாட்டைச் சாமியாக்கி மாலை போடத் தேவையில்லை. அதைச் செய்யக் கடைசிப் படியில் பெரும்பாலும் டைமெத்தில் சல்பேட் வேண்டும். அது ஏறக்குறைய மணமே இல்லாமல் நுரையீரலைப் பொசுக்கும், புற்றுநோய் தரக்கூடிய சரக்கு. ஆற்றுக்குச் சாதுவான பொருளின் விலையில் கொஞ்சத்தை எங்கோ ஒரு தொழிற்சாலைக்காரன் முகமூடிக்குள் மூச்சடக்கிக் கொடுக்கிறான். உடையத் தெரிந்தது நேரம் பார்த்தும் உடையாது. பி.ஹெச். மூன்றை ஒட்டிய புளிப்பில் இருந்தால்தான் டிரம்முக்குள் பத்திரம். கால்சியம் கார்பனேட் கலந்த காரக் கூழில் அதிக நேரம் சுற்றவிட்டால் வேலை முடியும் முன்னே பிரியத் தொடங்கும். ஆகவே தாள் உருவாவதற்குச் சற்று முன்னால்தான் ஊற்ற வேண்டும். கொட்டகையில் வெயில்பட நின்ற டிரம்மின் மூடியைத் திறந்தால் மெழுகும் புளிப்பும் கலந்த வாடை வரும், மேலே வெள்ளைக் குருணை மிதக்கும். அதை வாங்கிய பணம் அவ்வளவுதான்.

வால் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியும் நம் நாட்டில் லேசானதல்ல. 1983இல் வனஸ்பதியில் மாட்டுக் கொழுப்பு கலந்த விவகாரம் நாட்டையே உலுக்கியது. அதற்குப் பிறகு எந்தச் சப்ளையர் வந்தாலும் பர்ச்சேஸ் ஆபீசர் கேட்கும் முதல் கேள்வி “இது டாலோவா, பாமா?” என்பதுதான். பாமாயில் வால் என்றதும் இங்கே நிம்மதி. மலேசிய, இந்தோனேசியக் காட்டு நிலத்துக்கு அந்த நிம்மதி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் போட்ட சலவைப்பொருள் விதியில்தான் நேர்மின்னேற்ற வகைகளும் கணக்கில் சேர்ந்தன. அதற்குள் பழைய குவாட் சலவை அறையை விட்டு ஏறக்குறையப் போய்விட்டிருந்தது. ஆனால் சாகவில்லை. பெண்டோனைட் களிமண்ணோடு அதைச் சேர்த்தால் எண்ணெயில் ஊறிக் கெட்டியாகும் களி கிடைக்கும். எண்ணெய்க் கிணறு தோண்டும் சேறு, பெயிண்ட், கிரீஸ் எல்லாவற்றுக்கும் அது வேண்டும். டப்பாவில் வருஷக்கணக்கில் இருக்கும் பெயிண்டைக் கிருமி தின்றுவிட்டால் யார் வாங்குவார்கள்? சேற்றுத்தொட்டியில் எந்தக் குணத்துக்காக அதைத் திட்டினோமோ, அந்தக் குணத்துக்காகவே இன்றும் டன் கணக்கில் விற்கிறது.