மடையான்

மடையான் என்னும் குளத்துக் கொக்கு, ஆர்டெய்டே குடும்பத்தைச் சேர்ந்த சிறிய நீர்க்கரைப் பறவை. அறிவியல் பெயர் ஆர்டியோலா கிரேயி. தெற்கு ஈரானில் தொடங்கி பாகிஸ்தான், இந்தியா, வங்கதேசம், இலங்கை, மியான்மர் வரை இது பரவியிருக்கிறது. காவிரிப் படுகையின் நெல்வயல்களில் எவ்வளவு இயல்பாகக் காணப்படுகிறதோ, அவ்வளவு இயல்பாகவே திண்டுக்கல் சமவெளியின் வறண்ட ஊர்களிலும் காணப்படுகிறது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம் செல்லும் சாலையில், சிறுமலைக்கு வடக்கே அமைந்த சாணார்பட்டி வட்டாரம் பேராற்றுப் பாசனம் எட்டாத பகுதி. மழையை நம்பிய குளங்களும் கிணறுகளும்தான் அங்கே நீர்நிலைகள். அந்தச் சிறிய தண்ணீரே மடையானுக்குப் போதுமானது. தமிழ்நாட்டில் மனிதர் வெட்டிய குளத்தோடும் வாய்க்காலோடும் இதைப்போல் ஒட்டி வாழும் பறவைகள் சிலவே.

பெயர்கள்

குளத்து நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் வழிக்கு மடை என்று பெயர். நீர் பாயும்போது மீன்குஞ்சும் தவளையும் அங்கேதான் முதலில் ஒதுங்கும். அந்த இடத்தில் காத்து நிற்கும் பறவைக்கு மடையான் என்ற பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. சாணார்பட்டி ஒன்றியத்தில் தவசிமடை என்றோர் ஊர் உண்டு. தவசி, மடை என்ற இரு சொற்களையும் சேர்த்துச் சொன்னாலே, கழுத்தை உள்ளிழுத்து அசையாமல் நிற்கும் இந்தப் பறவையின் உருவம் கண்முன் வந்துவிடும்.

குளத்துக் கொக்கு, குருட்டுக் கொக்கு, நொள்ளை மடையான் என்ற பெயர்களும் வழக்கில் உள்ளன. இந்தியில் ‘அந்தா பக்லா’, சிங்களத்தில் ‘கண கொகா’ என்ற பெயர்களும் இதைக் கண் தெரியாத கொக்கு என்றே சொல்கின்றன. காரணம் எளியது. மற்ற கொக்குகள் ஆளைக் கண்டதும் தொலைவிலேயே பறந்துவிடும். மடையானோ கிட்டத்தட்ட மிதிபடும் தூரம்வரை அசையாது. பார்வையில்லாமல் அது அங்கே நிற்பதில்லை. தன் இறகின் நிறம் தன்னை மறைத்துவிடும் என்பதால், ஓடுவதைவிட அசையாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு. பல மொழி மக்கள் தனித்தனியே ஒரே தவறான முடிவுக்கு வந்திருக்கிறார்கள் என்பதே அந்த மறைவு எவ்வளவு நேர்த்தியானது என்பதற்குச் சான்று.

இந்தியாவுக்கு வந்த ஐரோப்பியர் இதையும் வேறு சில கொக்குகளையும் சேர்த்து ‘நெல்வயல் பறவை’ என்ற பொருளில் அழைத்தனர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் அந்தப் பெயருக்குத் தனிப் பதிவே இருக்கிறது.

அடையாளம்

மடையான் 42 முதல் 45 செ.மீ. நீளம் உள்ளது. கழுத்து குட்டை, அலகு தடித்துக் கூர்ந்தது, முதுகு சற்றே கூன் விழுந்தாற்போல் இருக்கும். ஆணும் பெண்ணும் தோற்றத்தில் ஒன்றே. ஆண்டின் பெரும்பகுதியில் தலையிலும் கழுத்திலும் மார்பிலும் பழுப்புக் கோடுகள் நெடுக ஓடும். முதுகு மண்ணின் நிறம். கால்கள் மங்கிய பச்சை கலந்த மஞ்சள். சேற்றோரத்துக் காய்ந்த கோரைக்கு நடுவே நின்றால் கோரைத்தண்டு எது, கொக்கின் கழுத்து எது என்று பிரித்தறிவது கடினம்.

எழுந்து பறக்கும்போதுதான் உண்மை வெளிப்படும். சிறகும் வாலும் தூய வெண்மை. மண்கட்டி போலிருந்த ஒன்று கரகரத்த குரலோடு திடீரென வெள்ளைப் பறவையாகிக் கிளம்பும். சற்றுத் தள்ளி இறங்கிச் சிறகை மடக்கியதும் மறுபடி மண்ணாகிவிடும். பறக்கும்போது கழுத்தை ‘எஸ்’ வடிவில் மடித்துக்கொள்வது கொக்குக் குடும்பம் முழுவதற்கும் பொது. தமிழில் நாரை என்று வழங்கப்படும் பறவைகளுள் செங்கால் நாரை போன்றவை கழுத்தை நீட்டிக்கொண்டே பறக்கும். வானத்தில் பார்த்து இரண்டையும் பிரிக்க இதுவே எளிய வழி.

இனப்பெருக்கக் காலத்தில் கோலம் முற்றிலும் மாறும். முதுகில் அரக்குச் சிவப்பு இழைகள் அடர்ந்து படரும். தலையும் கழுத்தும் கோடில்லாத மங்கிய மஞ்சளாகும். பின்னந்தலையில் நீண்ட இறகுகள் தொங்கும். அலகு மஞ்சளாகி நுனி கறுக்கும், அடிப்பகுதி நீலமாகும். சில பறவைகளின் கால்கள் சிவக்கும். கோடைப் பறவையும் மழைக்காலப் பறவையும் வேறு இனங்கள் என்று நினைத்துவிடுவோரும் உண்டு.

இரவில் இரைதேடும் வக்காவின் இளம்பறவையோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்புண்டு. ஆனால் வக்கா பருத்தது; சிறகில் வெண்புள்ளிகள் கொண்டது; பறந்தாலும் சிறகு வெளுத்துத் தெரியாது. மாட்டின் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கு, நிற்கும்போதும் வெள்ளையாகவே இருக்கும். மிக நெருங்கிய உறவுகளான சீனக் குளத்துக் கொக்கையும் ஜாவாக் குளத்துக் கொக்கையும் இனப்பெருக்கக் காலம் தவிர மற்ற நாள்களில் பிரித்தறிவது அரிது.

பழந்தமிழில்

சங்கப் பாடல்களில் கொக்கு, குருகு, நாரை என்ற மூன்று பெயர்களும் அடிக்கடி வருகின்றன. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலர் ஒரு குருகைக் காட்டுகிறார். தலைவன் தலைவியோடு கூடியபோது அங்கிருந்த ஒரே சாட்சி, ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நின்ற அந்தக் குருகுதான். அதன் கால்களைத் தினைப்பயிரின் தண்டோடு ஒப்பிட்டு, அவை பசுமையானவை என்கிறார் புலவர். சின்ன வெள்ளைக் கொக்கின் கால்கள் கறுப்பு. பச்சை சாயல் கொண்ட கால்கள் மடையானுக்கு உண்டு. பறவையின் கால் நிறம்வரை உற்றுப் பார்த்த கண் அது.

திருக்குறளின் காலமறிதல் அதிகாரம், தக்க பொழுதுவரை ஒடுங்கியிருந்து வாய்த்ததும் குத்தும் கொக்கை அரசனுக்குப் பாடமாக வைக்கிறது. மூதுரையும் சிறு மீன்களை விட்டுப் பெருமீனுக்குக் காத்திருக்கும் கொக்கைச் சொல்கிறது. ஆகாத வழியில் முயல்வதைக் கொக்குத் தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிப்பது என்பார்கள். வெண்ணெய் உருகிக் கண்ணை மறைத்தபின் பிடிக்கலாம் என்பது அந்தக் கதை. இன்றும் மாலையில் கொக்குக் கூட்டம் தலைக்குமேல் போகும்போது, கிராமத்துப் பிள்ளைகள் விரல்களை ஆட்டி நகத்தில் வெள்ளைப் பூப் போடச் சொல்லிக் கேட்கிறார்கள்.

அறிவியல் ஏட்டில்

அறிவியல் முறையில் இந்த இனத்தை முதலில் விவரித்தவர் வில்லியம் ஹென்றி சைக்ஸ். கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் அதிகாரியாக இருந்த அவர், தக்காணத்தில் புள்ளிவிவரம் திரட்டும் பணியில் சுற்றியபோது பறவைகளையும் ஆராய்ந்தார். 1832இல் லண்டன் விலங்கியல் கழகத்தின் வெளியீட்டில் தக்காணப் பறவைகளின் பட்டியலை வெளியிட்டு, பிரிட்டிஷ் அருங்காட்சியக விலங்கியலாளர் ஜான் எட்வர்டு கிரேயைச் சிறப்பிக்கும் வகையில் இந்தக் கொக்குக்குப் பெயர் வைத்தார். ‘ஆர்டியோலா’ என்ற பேரினப் பெயருக்குச் சிறுகொக்கு என்று பொருள்.

சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய டி.சி. ஜெர்டான் 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் நூலும், 1941இல் வெளிவந்த சாலிம் அலியின் இந்தியப் பறவைகள் கையேடும் இப்பறவைகளைப் பற்றிய அறிவைப் பரவலாக்கின.

இந்த இரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் கொக்குக் குடும்பம் பெரிய ஆபத்தையும் சந்தித்தது. ஐரோப்பியச் சீமாட்டிகளின் தொப்பிகளுக்காகக் கொக்கு இறகு கப்பல் கப்பலாக ஏற்றுமதியானது. இனப்பெருக்கக் காலத்து இறகுக்கே விலை என்பதால், கூட்டில் குஞ்சிருக்கும்போதே தாய்ப்பறவைகள் கொல்லப்பட்டன. வெள்ளைக் கொக்குகளுக்கே முதல் அடி விழுந்தது. 1902இல் பிரிட்டிஷ் இந்திய அரசு காட்டுப்பறவைகளின் தோல், இறகு ஏற்றுமதிக்குத் தடை விதித்தது.

தமிழகத்தில் காப்பு முயற்சி அதற்கும் முந்தையது. தங்கள் ஏரியில் கூடு கட்டிய பறவைகளைச் சிப்பாய்கள் சுடுவதை எதிர்த்து வேடந்தாங்கல் மக்கள் முறையிட்டதை ஏற்று, செங்கல்பட்டு ஆட்சியர் லயனல் பிளேஸ் 1798இல் அவர்களுக்கு உரிமைப் பத்திரம் வழங்கினார். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பதை அந்த உழவர்கள் அறிந்திருந்தனர். இன்று 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மடையானையும் காக்கிறது.

வாழிடம்

குளம், கண்மாய், வாய்க்கால், நெல்வயல், சதுப்பு, உப்பங்கழி, சாலையோரப் பள்ளம் என நீர் தேங்கும் எந்த இடமும் இதற்கு ஏற்றதே. சாணார்பட்டிப் பக்கத்தில் இதன் நடமாட்டம் நீரின் நாட்காட்டியை ஒட்டியது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்து குளம் நிறைந்தால் கரையெங்கும் தென்படும். மாசி, பங்குனியில் நீர் வற்றி மீன்கள் குட்டையில் ஒடுங்கும்போது, ஒரே குட்டையைச் சுற்றிப் பல பறவைகள் கூடும். சித்திரையில் குளம் வெடித்துவிட்டால் கிணற்றடியும் பம்புசெட் தொட்டியின் வாய்க்காலும் தோட்டத்து ஈரப் பாத்தியுமே புகலிடம். நீரில்லாத புல்தரையில் வெட்டுக்கிளி பிடித்தும் நாளை ஓட்டும்.

இரை தேடும் முறை

பெரும்பாலும் தனியாகவே இரை தேடும். மடைவாயில் நிற்கும் ஒன்றைக் கவனித்தால் முறை விளங்கும். கழுத்து தோளுக்குள் புதைந்திருக்கும். அலகு தண்ணீருக்கு மேல் கிடையாக நிற்கும். ஒரு காலைத் தூக்கினால் அதை மறுபடி ஊன்ற நெடுநேரம் எடுத்துக்கொள்ளும். நீரில் வளையம் எழாது. பிறகு புதைந்திருந்த கழுத்து ஒரு நொடியில் நீண்டு, அலகு நீரைக் கிழித்து, வெள்ளிக் கெண்டை ஒன்றோடு மீளும். மீனைத் தலைப்பக்கமாகத் திருப்பி விழுங்கிவிட்டுக் கழுத்தை மீண்டும் மடக்கிக்கொள்ளும்.

இந்த வேகத்துக்குக் கழுத்தெலும்பின் அமைப்பே காரணம். கொக்குகளின் ஆறாவது கழுத்தெலும்பு மற்றவற்றைவிட நீண்டு, கழுத்தில் ஒரு முடக்கை உண்டாக்கி, வில்லைப்போல் விசையைத் தேக்கித் தருகிறது. பார்வையும் வியப்புக்குரியது. மடையானின் பேரினத்தைச் சேர்ந்த மேற்கத்திய உறவுப் பறவையையும் வேறு இரு கொக்குகளையும் வைத்து 1994இல் வெளியான ஆய்வு, அலகைக் கிடையாக வைத்தபடியே அவற்றால் தம் பாதங்களைப் பார்க்க முடியும் என்று காட்டியது. குருடு என்று பெயர் வாங்கிய பறவையின் குடும்பம், தலை குனியாமலே தன் காலடியைப் பார்க்க வல்லது.

மீன், தவளை, தலைப்பிரட்டை, நண்டு, நீர்ப்பூச்சி, அட்டை எல்லாம் இதற்கு உணவு. ஆழத்துக்குப் போக ஆகாயத்தாமரை இலைகள்மேல் நடக்கும், சிலநேரம் நீந்தும், பறந்தபடி நடு நீரில் விழுந்தும் மீன் எடுக்கும். பொழுது சாய்ந்ததும் தனியாகத் திரிந்தவையெல்லாம் ஒரே மரத்தில் கூடி அடையும்.

இனப்பெருக்கம்

வட இந்தியாவில் தென்மேற்குப் பருவமழையையும், தென்னகத்தில் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையும் ஒட்டிக் கூடு கட்டும். பிற கொக்குகளோடும் நீர்க்காகங்களோடும் கலந்து கூட்டமாகக் கட்டுவதே வழக்கம். குளத்துக் கருவேல மரங்கள் மட்டுமல்ல, ஊர் நடுவே உள்ள புளி, ஆல், அரசு, மா மரங்களும் ஏற்புடையவை. சுள்ளிகளை அடுக்கிய கூட்டில் 3 முதல் 5 வரை வெளிர் நீலப்பச்சை முட்டைகள் இருக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, ஏறத்தாழ மூன்று வாரத்தில் குஞ்சு பொரிக்கும். குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் மீனே உணவு. பெற்றோர் விழுங்கி வந்ததைக் கக்கி ஊட்டும்.

இன்றைய நிலை

பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் மடையானைக் கவலை குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது. அதற்காக அதன் நீர்நிலைகளை மறந்துவிடலாகாது. வயலில் தெளிக்கும் பூச்சிமருந்து மீன், தவளை வழியாக இதன் உடலுக்குள் சேருகிறது. தென்னிந்தியப் பறவைகளின் உடலில் டி.டி.டி., எச்.சி.எச். எச்சங்கள் இருப்பதை 1990களின் ஆய்வுகள் பதிவு செய்தன. கண்மாய்களில் சீமைக் கருவேலம் அடர்ந்து நீர்ப்பரப்பை அடைக்கிறது. எச்ச நாற்றம் என்று கூட்டு மரங்களின் கிளையைக் குஞ்சோடு வெட்டுவதும் நடக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம் உழவருக்குத் தேவையான சிக்கனம்; ஆனால் குழாய்க்குள் ஓடும் தண்ணீரில் கொக்குக்குப் பங்கில்லை. ஆகவே திறந்த நீராக எஞ்சுவது குளம் மட்டுமே.

தமிழ்நாடு அரசு 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம் ஏரி, கண்மாய்களைத் தூர்வாரி மடைகளைப் பழுதுபார்க்க முனைந்தது. குளத்தைச் சீர்ப்படுத்தும் ஊர்கள் கரையோரச் சேற்றையும் கோரையையும் கொஞ்சம் விட்டுவைப்பதும், கூடு உள்ள மரத்தைக் குஞ்சு பறக்கும்வரை தொடாமலிருப்பதும் மடையானுக்குப் பேருதவி. மழை பெய்து, குளம் நிறைந்து, மடை திறக்கும் நாளில் முதலில் வந்து நிற்பது அதுதான். தண்ணீர் வந்துவிட்டது என்பதை வயலுக்கு முன்பே அது கண்டுகொள்ளும்.