மரபணு என்னும் சொல்லும் இரத்தப் புற்றுநோயின் வரலாறும்

குழந்தைக்கு இரத்தப் புற்றுநோய் என்று மருத்துவர் கூறியதும் நம் குடும்பங்களில் எழும் கேள்விகளுள் ஒன்று, ‘இது யார் வழியில் வந்தது?’ என்பதாகும். ‘மரபணுவில் மாற்றம்’ என்ற தொடரும் உடன் வந்துவிட்டால் அக்கேள்வி இன்னும் கூர்மை பெறும். தாய்வழியா, தந்தைவழியா என்று உறவினர் ஆராயத் தொடங்குவர். அச்சொல் உடன்பிறந்தவளின் திருமணப் பேச்சிலும் பின்னாளில் தலைகாட்டும். மரபு என்பது நம் மொழியில் முன்னோரிடமிருந்து வழிவழியாக வருவதைக் குறிக்கும். எனவே மரபணு என்றதும் முன்னோர் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் இந்நோயைப் பொறுத்தவரை அந்த எண்ணம் பெரும்பாலும் பிழையானது. அது பிழை என்பதை அறிவியல் எவ்வாறு படிப்படியாகக் கண்டது என்னும் வரலாற்றை இக்கட்டுரையில் நாம் காண்போம்.

பெயர் முந்தியது

1845ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவின் இரு நகரங்களில் இரு மருத்துவர்கள், ஒருவர் பணியை மற்றவர் அறியாமல், ஒரே நோயைப் பற்றி எழுதினர். எடின்பரோவில் ஜான் ஹியூஸ் பென்னட், கூரை வேயும் தொழிலாளியான 28 வயது இளைஞர் ஒருவரின் உடலை ஆராய்ந்தார். பெர்லினில் ருடால்ஃப் விர்கோ, சமையல் வேலை பார்த்துவந்த நடுத்தர வயதுப் பெண் ஒருவரின் உடலை ஆராய்ந்தார். இருவரிடத்தும் மண்ணீரல் பெருத்திருந்தது. இரத்தத்தில் நிறமற்ற அணுக்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தன. இரத்தத்தில் சீழ் கலந்துவிட்டது என்று பென்னட் முடிவு கட்டினார். விர்கோ அவ்வாறு முடிவு கட்டவில்லை. தாம் கண்டதை மட்டும் கூறி, ‘வெள்ளை இரத்தம்’ என்று தலைப்பிட்டார். 1847இல் அதையே கிரேக்க வேர்ச்சொற்களால் ‘லுகேமியா’ என்றாக்கினார். காரணம் தெரியாத நிலையில் தோற்றத்தைக் கொண்டு பெயர் வைத்தது நேர்மையான செயலே. ஆனால் அப்பெயர், நோய் என்பது வெள்ளணுக்கள் மிகுவது மட்டுமே என்ற எண்ணத்தையும் விட்டுச் சென்றது.

அவ்வணுக்கள் எங்கே பிறக்கின்றன என்பதுகூட அன்று தெளிவாகவில்லை. கோனிக்ஸ்பர்க் நகரில் எர்ன்ஸ்ட் நோய்மன் 1868இல்தான் இரத்த அணுக்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன என்று காட்டினார். நோயின் இருப்பிடத்தைத் தேடவேண்டிய இடம் அதன்பின் எலும்புக்குள் சென்றது.

குருத்தணு

நலமாக உள்ள ஒருவரின் மச்சை நாள்தோறும் ஏறத்தாழ 200 பில்லியன் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. வெள்ளணுக்களும் இரத்தத் தட்டுகளும் இவற்றினும் வேறாகும். இவை அனைத்துக்கும் பொதுவான தாய் அணு ஒன்று இருக்கவேண்டும் என்று ரஷ்ய அறிஞர் அலெக்சாண்டர் மக்சிமோவ் 1909இல் பெர்லினில் வாதிட்டார். அதற்கான செய்முறைச் சான்று 1961இல் டொரொன்டோவிலிருந்து வந்தது. ஜேம்ஸ் டில், எர்னஸ்ட் மெக்கல்லக் என்னும் இருவரும் கதிர்வீச்சினால் மச்சை அழிந்த எலிகளுக்கு வேறு எலிகளின் மச்சை அணுக்களைச் செலுத்தினர். பத்து நாள் அளவில் மண்ணீரலில் சிறு கட்டிகள் எழுந்தன. ஒவ்வொரு கட்டியும் ஒரே ஓர் அணுவிலிருந்து தோன்றியது என்பதும், அந்த ஓர் அணு பலவகை இரத்த அணுக்களை ஈன்றது என்பதும் 1963க்குள் உறுதியாயின.

இத்தகைய அணுவைத் தமிழில் குருத்தணு என்கிறோம். வாழையின் குருத்து இலையாக விரிகிறது. விரிந்தபின்னும் உள்ளே அடுத்த குருத்து காத்திருக்கிறது. தன்னையும் காத்துக்கொண்டு பிறவற்றையும் ஈனும் இப்பண்பை அச்சொல் நன்கு உணர்த்துகிறது.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. குருத்தணுவிலும் அதிலிருந்து பிறந்த வெள்ளணுவிலும் இருப்பவை ஒரே மரபணுக்கள்; அவை ஏறத்தாழ 20,000. பின் ஏன் ஒன்று குருத்தாகவே நிற்கிறது, மற்றொன்று கிருமியை விழுங்கும் அணுவாகிறது? எந்த மரபணு எப்போது இயங்கவேண்டும், எது அடங்கவேண்டும் என்ற ஒழுங்குமுறையே அதற்கு விடை. சில புரதங்கள் மரபணுக்களின் அருகே அமர்ந்து அவற்றை இயக்குகின்றன அல்லது அடக்குகின்றன. இவற்றை ஒழுங்குபடுத்தும் புரதங்கள் என்று அழைப்போம். அப்புரதங்களை உண்டாக்குபவையும் மரபணுக்களே.

ஓர் அணுவில் நேர்ந்த இடமாற்றம்

1960இல் ஃபிலடெல்ஃபியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு ஆகியோர் ஒருவகை நாள்பட்ட இரத்தப் புற்றுநோயாளரின் அணுக்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டனர். 1973இல் சிகாகோவின் ஜேனட் ரௌலி அதன் பொருளை விளக்கினார். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் முறிந்து, தம் துண்டுகளை ஒன்றுக்கொன்று மாற்றிக்கொண்டிருந்தன. மற்றொரு வகை நோயில் 8க்கும் 21க்கும் இடையே இத்தகைய மாற்றம் நிகழ்வதையும் அவரே கண்டறிந்தார்.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி இவ்விடத்தில் உள்ளது. இம்மாற்றங்கள் நோயுற்ற இரத்த அணுக்களில் மட்டுமே இருந்தன. அதே மனிதரின் தோலணுக்களில் அவை இல்லை. பெற்றோரிடமிருந்து வந்த மாற்றமாயின் உடலின் எல்லா அணுக்களிலும் அது இருந்திருக்கவேண்டும். ஆகவே, இது பிறப்புடன் கைமாறிய சொத்தன்று. ஓர் இரத்த அணுவில் நேர்ந்து, அதன் வழித்தோன்றல்களில் பெருகிய விபத்து.

முறிந்த இடத்தில் இருந்த மரபணு எது என்பதை அறிய மேலும் பல ஆண்டுகள் ஆயின. 21ஆம் குரோமோசோமில் முறிந்த மரபணுவை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1991இல் பிரித்தெடுத்தனர். இன்று அதன் பெயர் ரன்எக்ஸ்1. அது ஓர் ஒழுங்குபடுத்தும் புரதத்துக்கு உரியது. 1996இல் அம்மரபணு இல்லாத எலிக்கருக்களை உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றின் கல்லீரலில் நிலையான இரத்த உற்பத்தி தொடங்கவே இல்லை. அவை கருவிலேயே இறந்தன. இரத்தக் குருத்தணு பிறப்பதற்கே வேண்டிய மரபணுதான் இந்நோயில் முறிந்து வேறொன்றுடன் ஒட்டியிருந்தது. ஒட்டிப் பிறந்த புதிய புரதம், இயங்கவேண்டிய மரபணுக்களை அடக்கியது. எனவே அணுக்கள் முற்றும் வழியில் நின்றுவிட்டன. நோயாளியின் உடலில் வெள்ளணுக்கள் மிகுந்திருந்தும் கிருமித்தொற்றுக்கு அவர் ஆளாவது ஏன் என்பது இதனால் விளங்கும். அவை பிஞ்சிலேயே நின்ற அணுக்கள். காய்க்கவும் இல்லை, கனியவும் இல்லை.

இவ்வகைப் புரதங்களைக் கியோத்தோவில் ஆராய்ந்துவந்த யொஷியாகி இத்தோ 2002இல் சிங்கப்பூருக்கு வந்து தம் ஆய்வைத் தொடர்ந்தார். வெள்ளணு முற்றுவதற்கு வேண்டிய மற்றோர் ஒழுங்குபடுத்தும் புரதத்தின் மரபணு இந்நோயில் பழுதடைவதை 2001இல் தம் குழுவினருடன் பாஸ்டனில் காட்டிய டேனியல் டெனன், பின்னர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் அறிவியல் கழகத்துக்கு இயக்குநரானார். இவ்வாறு இவ்வரலாற்றின் ஒரு கிளை நம் தீவிலும் வேர்கொண்டது.

கொல்வதும் முற்றவிடுவதும்

மருத்துவம் முதலில் கற்றது கொல்லும் வழியை. 1948இல் பாஸ்டனின் சிட்னி ஃபார்பர், இந்நோயுற்ற 16 குழந்தைகளுக்கு அமினோப்டரின் என்னும் மருந்தைத் தந்ததில் 10 பேர் சில காலம் தேறினர் என்று அறிவித்தார். அம்மருந்தை உருவாக்கிய ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். பெருகும் அணுக்களை அழிப்பதே அம்மருந்தின் வேலை. இன்றுவரை குழந்தைகளைக் காக்கும் சிகிச்சைக்கு அடித்தளமாக அமைந்தது அவ்வழியே.

மற்றொரு வழி ஷாங்ஹாயில் திறந்தது. இரத்தப் புற்றுநோய் வகைகளுள் ஒன்று, இரத்தம் உறையாமல் பெருகி ஓரிரு வாரங்களில் உயிரைக் கவரும் கொடுமை உடையது. அந்நோயாளர்க்கு வாங் சென்யி என்னும் மருத்துவர், வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்த ரெட்டினாய்க் அமிலம் ஒன்றைக் கொடுத்தார். அவரும் அவர்தம் குழுவினரும் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் 24 நோயாளர் இடம்பெற்றனர். அவர்கள் அனைவரிடத்தும் நோய்க்குறிகள் மறைந்தன. 23 பேருக்கு அம்மருந்து ஒன்றே போதுமானதாயிற்று. நோயணுக்கள் கொல்லப்படவில்லை, அவை முற்றி, முறையான வெள்ளணுக்களாகித் தம் ஆயுள் முடிந்து மடிந்தன.

காரணம் பிறகே தெரிந்தது. அவ்வகை நோயில் 15ஆம், 17ஆம் குரோமோசோம்கள் இடம் மாறுகின்றன. 17இல் முறியும் மரபணு, ரெட்டினாய்க் அமிலத்தை ஏற்றுச் செயற்படும் ஒழுங்குபடுத்தும் புரதத்துக்கு உரியது என்று 1990, 1991ஆம் ஆண்டுகளில் தெளிவாயிற்று. பிறழ்ந்த புரதம் மரபணுக்களை அடக்கிப் பிடித்திருந்தது. மருந்து அப்பிடியைத் தளர்த்தியது. சீனத்தின் ஹார்பின் நகரில் 1970களில் சோதிக்கப்பட்ட ஆர்செனிக்கும் அதே புரதத்தை அழிக்க உதவுவது கண்டறியப்பட்டது. கடும் நிலையில் இல்லாத நோயாளர்க்கு இவ்விரு மருந்துகளை மட்டும் கொடுத்து, வழக்கமான கீமோதெரப்பி இன்றியே காக்க இயலும் என்பதை 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு உறுதிப்படுத்தியது. இரண்டாண்டு முடிவில் நோய் மீளாமல் வாழ்ந்தோர் நூற்றுக்கு 97 பேர்.

எல்லா வகைக்கும் இவ்வழி திறந்துவிட்டது என்று நாம் கூற இயலாது. சில வகைகளில் ஒழுங்குமுறை பற்றிய அறிவு வேறு விதமாகப் பயன்பட்டது. அதற்குரிய சான்று நம் இரு நாடுகளிலேயே உள்ளது. சிங்கப்பூர், மலேசிய மருத்துவர்கள் இணைந்து 2003 முதல் குழந்தைகளுக்கான மா-ஸ்போர் சிகிச்சை ஆய்வுகளை நடத்திவருகின்றனர். நிணநீர்வகை அணுக்களை நெறிப்படுத்தும் இக்காரஸ் என்னும் புரதத்தின் மரபணு அழிந்திருக்கும் குழந்தைகளுக்கு நோய் மீளும் வாய்ப்பு மிகுதி. 2010இல் தொடங்கிய ஆய்வில் அத்தகைய குழந்தைகளை முன்கூட்டியே இனங்கண்டு சிகிச்சையைக் கடுமையாக்கினர். 2018இல் வெளிவந்த முடிவுகளின்படி, ஐந்தாண்டு உயிர்வாழ்ந்தோர் முந்தைய ஆய்வில் நூற்றுக்கு ஏறத்தாழ 70 பேர். இவ்வாய்வில் 90 பேருக்கும் மேல். இங்கே மருந்து பழைய மருந்தே. எவருக்கு எவ்வளவு என்ற அறிவே புதியது.

சொல்லின் கடமை

மரபணு இரு தொழில்களைச் செய்கிறது. ஒரு தலைமுறையின் செய்தியை அடுத்த தலைமுறைக்குச் சேர்ப்பது ஒன்று. ஒவ்வோர் அணுவிலும் நாள்தோறும் இயங்கியும் அடங்கியும் அவ்வணுவை நடத்துவது மற்றொன்று. நம் சொல் முதல் தொழிலைச் சுட்டுகிறது, இரண்டாவதைச் சுட்டவில்லை. இரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் இரண்டாவது தொழிலில் நேரும் பிறழ்ச்சி. ரன்எக்ஸ்1 மாற்றம் பெற்றோரிடமிருந்தே வரும் சில குடும்பங்களும் உண்டு என்பது 1999இல் அறியப்பட்டது. அவை அரியவை, சோதனையால் கண்டறியக்கூடியவை.

மரபணு என்னும் சொல்லை மாற்றவேண்டும் என்று நாம் கூறவில்லை. அது நிலைபெற்ற நல்ல சொல். அதை விளக்கிச் சொல்வது மொழியறிந்தோர் கடமை. மருத்துவமனையில் மொழிபெயர்ப்பவரும், உடன் சென்ற உறவினரும், பாடநூல் எழுதும் ஆசிரியரும் ஒரு வாக்கியத்தைக் கூடுதலாகச் சொன்னால் போதும்: இந்த மாற்றம் குழந்தையின் ஓர் இரத்த அணுவில் நேர்ந்தது, தாயோ தந்தையோ கொடுத்ததன்று. அவ்வாக்கியத்தைக் கேட்டபின் அக்குடும்பம் தன் வலிமை முழுவதையும் குழந்தையின் சிகிச்சையில் செலுத்த இயலும்.