வலையிலிருந்து ஒளிப்படக்கருவி வரை: தும்பிகளைப் பதிவு செய்த வரலாறு

தும்பி, தட்டான், தட்டாரப்பூச்சி, ஊசித்தட்டான் எனப் பல பெயர்களால் தமிழில் அழைக்கப்படும் பூச்சிகள் அனைத்தும் ஓடோனேட்டா என்னும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. உலகில் இவ்வரிசையில் 6,300-க்கும் மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. உடல் பருத்து, அமரும்போது இறக்கைகளை விரித்து வைப்பவை தட்டான்கள். உடல் ஊசிபோல் மெலிந்து, பெரும்பாலும் இறக்கைகளை முதுகின்மேல் சேர்த்து வைப்பவை ஊசித்தட்டான்கள். இப்பூச்சிகளை மனிதர் பதிவு செய்த முறை கடந்த 250 ஆண்டுகளில் மூன்று கட்டங்களைக் கடந்து வந்துள்ளது. முதலில் ஓவியம், அடுத்து ஊசியில் குத்திய மாதிரி, பின்னர் ஒளிப்படம். ஒவ்வொரு கட்டத்திலும் ஒன்று கிடைத்தது, ஒன்று இழக்கப்பட்டது.

பெயரும் பொருளும்

சங்க இலக்கியத்தில் தும்பி என்ற சொல் வண்டினத்தைக் குறித்தது. குறுந்தொகையின் இரண்டாம் பாடலில் தலைவன் வினவும் தும்பி, மலர்தோறும் தேன் தேடும் வண்டே ஆகும். பிற்காலத்தில் இச்சொல் நீர்நிலைகளின் மேல் பறக்கும் பூச்சிக்கு உரியதாயிற்று. இலங்கைத் தமிழரிடையே இன்றும் தும்பி என்பதே பெருவழக்கு. தமிழ்நாட்டின் பல பகுதிகளில் தட்டான் என்ற பெயர் வழங்குகிறது. தட்டான் தாழப் பறந்தால் மழை வரும் என்பது கிராமத்தார் நம்பிக்கை. பொற்கொல்லரையும் தட்டான் என்றே அழைக்கும் வழக்கம் தமிழில் உண்டு.

ஓவியக் காலம்

தும்பிகளுக்கு அறிவியல் பெயரிட்ட முன்னோடிகளுள் ஒருவரும் கொல்லர் தொழிலினரே என்பது ஒரு வியப்பான பொருத்தம். இலண்டனில் வெள்ளிப் பொருள் செய்து விற்றுவந்த ட்ரூ ட்ரூரி, உலகின் பல துறைமுகங்களிலிருந்து கப்பல் மாலுமிகள் வழியாகப் பூச்சிகளை வரவழைத்துச் சேர்த்தார். அவற்றை மோசஸ் ஹாரிஸ் என்ற ஓவியர் செப்புத்தகட்டுப் படங்களாக வரைந்தார். தமிழகத்துக் குளக்கரைகளில் இன்றும் எளிதாகக் காணக்கூடிய மூன்று தட்டான்களின் பெயர்கள் 1773-ல் ட்ரூரி இட்டவை. இரத்தச் சிவப்பு நிறமுடைய குரோகோதெமிஸ் செர்விலியா, பச்சையும் கறுப்பும் கலந்த ஆர்த்தெட்ரம் சபீனா, இறக்கையில் கறுப்புத் திட்டுடைய நியூரோதெமிஸ் டுல்லியா ஆகியவை அம்மூன்றும்.

இதற்கு முன்னர் 1758-ல் லின்னேயசு அறியப்பட்ட எல்லாத் தும்பிகளையும் லிபெல்லுலா என்ற ஒரே பேரினத்தில் அடக்கியிருந்தார். அவருடைய மாணவர் யோகான் கிறித்தியன் ஃபாப்ரிசியசு 1793-ல் இவற்றுக்கு ஓடோனேட்டா என்ற வரிசைப் பெயரைத் தந்தார். பல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இப்பெயர் பிறந்தது. தும்பியின் தாடைகள் பற்களுடன் கூடியவை.

இவ்வரலாற்றில் தரங்கம்பாடிக்கும் இடமுண்டு. டேனியர் ஆட்சியிலிருந்த அத்துறைமுகத்துக்கு 1768-ல் வந்த யோகான் கெர்ஹார்டு கோனிக் என்ற மருத்துவர் லின்னேயசின் மாணவர். அவரைப் போன்றோர் இங்கிருந்து அனுப்பிய பூச்சிகளை ஃபாப்ரிசியசு ஐரோப்பாவில் ஆராய்ந்து பெயரிட்டார். 1798-ல் அவர் விவரித்த மஞ்சள் நிற ஊசித்தட்டானின் பெயர் செரியாகிரியான் கோரமாண்டெலியானம். சோழமண்டலக் கடற்கரையின் பெயர் அதில் நிலைத்துவிட்டது. மழைக்காலத்தில் வயல்வெளிகளில் கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பன்டாலா ஃபிளாவெசென்ஸ் என்னும் தட்டானும் அதே ஆண்டில் அவரால் பெயரிடப்பட்டதே.

ஊசியும் பெட்டியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெல்சியத்தின் எட்மண்ட் டி செலி லோங்சாம் (1813–1900) தும்பியியலைத் தனித்துறையாக வளர்த்தார். இந்தியாவில் அப்பணியை முழுமைக்குக் கொண்டுவந்தவர் ஃபிரெடெரிக் சார்லஸ் ஃபிரேசர் (1880–1963). இந்திய மருத்துவப் பணியில் அறுவை மருத்துவராக இருந்த இவர், குடகு, நீலகிரி முதலிய மலைப்பகுதிகளில் வலையுடன் அலைந்து தும்பிகளைச் சேகரித்தார். பிரித்தானிய இந்தியாவின் விலங்கினங்கள் என்ற நூல்வரிசையில் ஓடோனேட்டா பற்றிய இவருடைய மூன்று தொகுதிகள் 1933, 1934, 1936 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. இன்றும் இந்தியத் தும்பிகளை ஆராய்வோர் முதலில் புரட்டும் நூல் இதுவே.

ஃபிரேசர் காலத்து முறையில் பெருங்குறை ஒன்று இருந்தது. பட்டாம்பூச்சியின் நிறம் இறக்கைச் செதில்களில் உள்ளது. பூச்சி இறந்த பின்னும் அது நீடிக்கும். தும்பியின் நிறமோ பெரும்பாலும் தோலுக்கு அடியிலுள்ள உயிரணுக்களைச் சார்ந்தது. இறந்த சில மணி நேரத்தில் உடலின் உட்பகுதி சிதையத் தொடங்குகிறது. நீல வளையங்கள் பழுப்பாகின்றன, பச்சைக் கண்கள் கறுக்கின்றன. அசெட்டோன் திரவத்தில் ஊறவைத்து உலர்த்தினால் நிறம் ஓரளவு நிலைக்கும் என்பது பின்னர் கண்டறியப்பட்டது. ஆனால் அத்திரவம் உடலின்மேல் படிந்திருக்கும் நீல வெண்பூச்சைக் கரைத்துவிடும். ஆகவே அருங்காட்சியகப் பெட்டியில் இருந்தது தும்பியின் வடிவம் மட்டுமே. உயிருள்ள நிறத்தை எழுத்தில் குறித்துவைப்பதே வழியாக இருந்தது. ஒருவர் எழுதும் வெளிர்நீலம் மற்றொருவருக்கு எந்த நீலம் என்பது தெரியாது.

ஒளிப்படத்தின் வருகை

இக்குறையைப் போக்க ஒளிப்படம் உடனே உதவவில்லை. தொடக்ககாலக் கருவிகளுக்கு நீண்ட நேர ஒளி தேவைப்பட்டது. தும்பியோ ஒரு நொடியும் நிலையாக இருப்பதில்லை. பறக்கும் பூச்சி முதலில் பதிவானது ஆய்வகத்தில்தான். பாரிசில் எத்தியன் ஜூல் மாரேயின் உதவியாளராக இருந்த லூசியன் புல் 1904-ல், மின்பொறியை ஒளியாகப் பயன்படுத்தி, விநாடிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் என்ற வேகத்தில் ஊசித்தட்டான் உள்ளிட்ட பூச்சிகளின் இறக்கை அசைவைப் படமாக்கினார். நான்கு இறக்கைகளின் இயக்கத்தைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க அப்படங்கள் உதவின.

நிறம் 1930-களில் வந்தது. 1935-ல் வெளியான கோடாகுரோம் படச்சுருளின் ஒளியுணர்வு இன்றைய அளவுகோலில் ஏறத்தாழ 10. இன்றைய சாதாரணக் கருவி 400, 800 என்ற அளவில் எளிதாக இயங்குவதோடு ஒப்பிட்டால் அதன் கடினம் விளங்கும். வெயிலில் அசையாமல் அமர்ந்த தும்பியை மட்டுமே அதில் பிடிக்க முடிந்தது. 1955-ல் கில்ஃபிட் நிறுவனம் மாக்ரோ-கிலார் என்ற வில்லையை வெளியிட்டது. சிறு பொருள்களை மிக அருகில் வைத்துப் படமெடுக்கும் வில்லைகள் அதன் பின்னரே பரவலாயின. 1970-களில் இங்கிலாந்தின் இசுடீபன் டால்டன், மிகக் குறுகிய நேரமே மின்னும் ஒளிவிளக்கைத் தாமே வடிவமைத்துப் பறக்கும் பூச்சிகளைத் தெளிவாகப் படமெடுத்தார். 1975-ல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறையில் ஒரு மைல்கல்.

ஆயினும் சுருள் ஒன்றுக்கு 36 படங்களே எடுக்க முடியும். கழுவி வரும்வரை படம் தெளிவா என்பது தெரியாது. இச்செலவைத் தாங்கக்கூடியவர் இந்தியாவிலும் இலங்கையிலும் மிகச் சிலரே.

எண்ணியக் காலம்

இந்நிலை 2000-க்குப் பின் மாறியது. ஆயிரம் டாலருக்குக் குறைந்த விலையில் 2003-ல் வந்த கேனன் 300டி போன்ற எண்ணியக் கருவிகள், படச்சுருளின் செலவை இல்லாமலாக்கின. நூறு படம் எடுத்து ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்தது. அமெரிக்காவின் டெக்சாசில் ஃபாரஸ்ட் மிட்செல், ஜேம்ஸ் லாஸ்வெல் ஆகிய இருவரும் வேறொரு வழியைக் கையாண்டனர். உயிருள்ள தும்பியைக் குளிரூட்டி அசைவற்றதாக்கி, அலுவலகங்களில் தாள்களை நகலெடுக்கும் வருடியின் மேல் வைத்து அதன் உருவத்தை எடுத்தனர். நிறம் மாறாத, இறக்கை நரம்புகள் தெளிவாகத் தெரியும் படங்கள் இவ்வாறு கிடைத்தன.

படங்கள் பெருகியதும் கையேடுகள் வந்தன. 2005-ல் கே. ஏ. சுப்பிரமணியன் எழுதிய தீபகற்ப இந்தியத் தும்பிகள் பற்றிய ஒளிப்படக் கையேடு பெங்களூரிலிருந்து மின்னூலாகக் கட்டணமின்றி வெளியானது. இலங்கைத் தும்பிகளுக்கான ஒளிப்படக் கையேடு 2007-ல் கொழும்பில் வெளிவந்தது. ஃபிரேசரின் தொகுதிகளை வாசிக்க உருப்பெருக்கியும் கலைச்சொல் அறிவும் தேவை. புதிய கையேடுகளைப் பள்ளி மாணவரும் குளக்கரையில் விரித்துப் பார்க்க முடிந்தது. 2008-ல் தொடங்கிய ஐநேச்சுரலிஸ்ட் போன்ற தளங்களில் படத்துடன் நாளும் இடமும் பதிவாவதால், ஓர் இனம் எங்கு, எந்த மாதத்தில் பறக்கிறது என்ற தகவல் பொதுமக்களாலேயே திரட்டப்படுகிறது.

இந்தியாவில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. பாதுகாக்கப்பட்ட காடுகளில் அனுமதியின்றி உயிரினங்களைச் சேகரிக்க முடியாது. ஆர்வலர் கையில் வலைக்குப் பதில் ஒளிப்படக்கருவி வந்ததற்கு அதுவும் காரணம்.

களத்தில் கற்றவை

படமெடுப்போர் தும்பியின் நடத்தையைக் கற்றே தீரவேண்டியிருந்தது. பல தட்டான்கள் விரட்டினாலும் அதே குச்சிக்குத் திரும்பி வந்து அமரும். துரத்துவதைவிட அக்குச்சியருகே காத்திருப்பதே பயன் தரும். விடியற்காலையில் உடல் சூடேறும் முன் அவற்றால் பறக்க இயலாது. பனித்துளி போர்த்திய படங்கள் அந்நேரத்தில் எடுக்கப்பட்டவை. உச்சிவெயிலில் சில இனங்கள் வாலை வானை நோக்கி நிமிர்த்தி நிற்கும். வெயில் படும் பரப்பைக் குறைத்து உடலைக் குளிர்விக்கும் உத்தி அது.

ஒரே இனத்தின் வேறுபட்ட தோற்றங்களும் ஒளிப்படங்களால் பலருக்கும் தெரியவந்தன. டிரிதெமிஸ் அரோரா என்ற தட்டானின் இளம் ஆண் மஞ்சட்பழுப்பு நிறமுடையது, முதிர்ந்த ஆண் செந்நீலம். படங்களை அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு இம்மாற்றம் எளிதில் விளங்கும்.

ஒளிப்படத்தின் எல்லை

ஒளிப்படப் பதிவு முழுமையானது என்று கருதக்கூடாது. அமர்ந்து ஓய்வெடுக்கும் இனங்களே அதில் மிகுதி. ஓயாமல் ஆற்றின்மேல் பறந்துகொண்டிருப்பவை, அந்தி மயங்கிய பின் பறப்பவை, மரவுச்சியில் தங்குபவை ஆகியன குறைவாகவே பதிவாகின்றன. ஓரிடத்தில் ஓர் இனத்தின் படம் இல்லை என்பதால் அவ்வினம் அங்கு இல்லை என்று முடிவு செய்ய இயலாது.

மேலும், நெருங்கிய இனங்களைப் பிரித்தறிய ஆணின் வால்நுனி உறுப்புகளையும் வயிற்றின் இரண்டாம் கண்டத்தின் அடியிலுள்ள இணையுறுப்புகளையும் பார்க்க வேண்டும். முகத்துக்கு நேரே எடுத்த அழகான படத்தில் இவை தெரிவதில்லை. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, வால்நுனிக்கு அருகில் ஒன்று என மூன்று படங்கள் எடுத்தால் மட்டுமே அது ஆவணமாகும்.

2015-ல் இது பெரிய விவாதமாக வெடித்தது. தென்னாப்பிரிக்காவில் கண்ட ஓர் ஈ இனத்தை மாதிரி எதுவும் இல்லாமல் ஒளிப்படத்தை மட்டும் கொண்டு இரு ஆய்வாளர்கள் பெயரிட்டனர். அடுத்த ஆண்டிலேயே நூற்றுக்கணக்கான வகைப்பாட்டியலாளர்கள் ஒன்றாகக் கையெழுத்திட்டு அம்முறையை எதிர்த்தனர். படத்தில் தெரியாத உறுப்பைப் பின்னால் வரும் ஆய்வாளர் எங்கே சென்று பார்ப்பார், மரபணுவை எதிலிருந்து எடுப்பார் என்பது அவர்கள் வாதம். அரிய உயிரைப் பெயருக்காகக் கொல்ல வேண்டுமா என்பது மறுதரப்பின் கேள்வி.

தும்பியியலில் இதற்கொரு நடுவழி காணப்பட்டது. அதே 2015-ல் கிளாசு-டௌவே டைக்ஸ்ட்ரா உள்ளிட்ட மூவர் ஆப்பிரிக்காவிலிருந்து 60 புதிய தும்பி இனங்களை ஒரே கட்டுரையில் விவரித்தனர். அவற்றுக்கு மாதிரிகள் முறைப்படி சேகரிக்கப்பட்டன. பெரும்பாலானவற்றை ஒளிப்படத்தைக் கொண்டே அடையாளம் காணலாம் என்றும் அவர்கள் காட்டினர். மாதிரி ஒருமுறை சான்றாகிறது. அதன்பின் அவ்வினத்தைத் தேட ஒளிப்படம் போதும்.

இன்றைய தேவை

2021 டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் உலகின் 6,016 தும்பி இனங்களின் நிலையை முதன்முறையாக மதிப்பிட்டு வெளியிட்டது. அவற்றுள் 16 விழுக்காடு அழியும் இடரில் உள்ளன. தும்பியின் இளவுயிரி நீரில் வளர்வது. எனவே குளம் தூர்க்கப்படுதலும் ஓடை மாசடைதலும் நேரே அதன் எண்ணிக்கையில் தெரியும். பல இனங்களைப் பற்றி மதிப்பிடப் போதிய தரவே இல்லை.

அத்தரவை ஓர் ஆய்வாளர் தனியே திரட்ட முடியாது. ஃபிரேசர் நடந்த ஓடைகள் பலவற்றில் இன்று என்ன பறக்கிறது என்பதை அருகில் வாழ்வோரே அறிவர். நாளும் இடமும் குறித்த, வால்நுனி தெரியும் ஒரு படம், அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு அப்பெட்டிகளிலுள்ள மாதிரிகளைப் போலவே மதிப்புடைய சான்றாக இருக்கும். நிறம் மங்காமல் இருப்பது அதன் கூடுதல் சிறப்பு.